அலாரம் அடிக்கும் முன்பே மூச்சைப் பாருங்கள்

கேள்வி: நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நான்கு மாதமாக எண்டோஸ்கோப்பி ரூமில் டியூட்டி. கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) கேஸ்களுக்கு டாக்டர் சொல்லும் அளவில் மருந்து போடுவது, மானிட்டர் பார்ப்பது, பயாப்ஸி ஃபோர்செப்ஸ் எடுத்துக் கொடுப்பது, வயிற்றை அழுத்திப் பிடிப்பது எல்லாம் நான்தான். போன வாரம் 68 வயது அம்மா ஒருவர் வந்தார். 52 கிலோ எடை, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வலி மருந்து ஃபென்டனில் 50 மைக்ரோகிராமும் மயக்க மருந்து மிடாசோலம் 2 மி.கி.யும் அடுத்தடுத்துப் போட்டோம். ஒரு நிமிடத்தில் நெளிந்தார் என்று இன்னும் 1 மி.கி. மிடாசோலம் போட்டோம். மூக்குக் குழாயில் 4 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் 98, 99 என்றே இருந்தது. ஸ்கோப் பெருங்குடலின் தொடக்கமான சீக்கம் வரை போய், டாக்டர் பயாப்ஸி எடுக்கும்போது திடீரென்று 84 என்று அலாரம் அடித்தது. தாடையைத் தூக்கிப் பிடித்து, கையால் அழுத்தும் ஆம்பு பேக்கில் மூச்சு கொடுத்ததும் சரியாகிவிட்டது. நல்லபடியாக வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை எதைப் பார்க்க வேண்டும்? எங்களிடம் மூச்சுக் காற்றைக் காட்டும் கேப்னோகிராஃப் இல்லை. எல்லோருக்கும் முடிந்தவுடன், மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமாசெனில் போட்டு எழுப்பிவிடலாமே என்கிறார் டெக்னீஷியன். அது சரியா?

— ஸ்டாஃப் நர்ஸ், விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

அந்த அம்மாவின் சாச்சுரேஷன் திடீரென்று விழவில்லை. அலாரம் அடிப்பதற்கு ஓரிரு நிமிடம் முன்பே அவருடைய மூச்சு குறைந்திருக்கும், அல்லது நின்றே போயிருக்கும். மானிட்டர் உங்களுக்குச் சொன்னது பழைய செய்தி.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மூச்சை வெளியே விட்ட பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். வெறும் காற்றைச் சுவாசிப்பவருக்கு அதில் ஆக்சிஜன் 350 மி.லி. அளவுதான். உடம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மி.லி. செலவழிக்கிறது. ஆகவே மூச்சு நின்றால் ஒரு நிமிடம் சொச்சத்தில் சாச்சுரேஷன் சரிய ஆரம்பிக்கும். மூக்குக் குழாயில் 4 லிட்டர் ஓடும்போது அந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அந்த அவகாசம் உயிரைக் காக்கும். ஆனால் அந்த அவகாசம் முழுவதும் விரலில் மாட்டிய ப்ரோப் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு வந்து சேர அரை நிமிடம் வரை ஆகலாம். ஏ.சி. ரூமில் கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம். 90 வரை எண் மெதுவாகத்தான் இறங்கும். அதற்குக் கீழே சறுக்குமரம். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போகிற இடம் அது. நீங்கள் 98-ஐயும் பார்த்தீர்கள், 84-ஐயும் பார்த்தீர்கள், நடுவில் ஒன்றும் பார்க்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

அதற்காக ஆக்சிஜனை நிறுத்திவிட வேண்டாம். ஆக்சிஜன் ஓடும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் மூச்சைக் காட்டும் கருவி இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மூச்சைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி, ஏன் அந்த நேரத்தில்? ஸ்கோப் பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டைத் தாண்டி, மண்ணீரல் பக்க வளைவைத் தாண்டிப் போகும்வரை குடல் இழுபட்டு வலிக்கும். அந்த வலிதான் மருந்தை எதிர்த்து அவரை மூச்சுவிட வைத்துக்கொண்டிருந்தது. சீக்கம் போய்ச் சேர்ந்து, ஸ்கோப்பின் வளையங்கள் நிமிர்ந்ததும் வலி போய்விடும். பயாப்ஸி கிள்ளுவது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. சரியாக அதே நேரத்தில் மிடாசோலமும் ஃபென்டனிலும் உச்சத்துக்கு வந்திருக்கும். இரண்டுக்குமே ஊசி போட்டு 3 முதல் 5 நிமிடத்தில்தான் முழு வேகம். வயதானவர்களுக்கு மிடாசோலம் இன்னும் தாமதமாக ஏறும். எல்லோரும் அப்பாடா என்று திரையில் பாலிப் (குடலில் முளைக்கும் சதை) தேடுகிற அந்த நிமிடங்கள்தான் மூச்சுக்கு ஆபத்தான நிமிடங்கள். "சீக்கம்" என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் நோயாளியின் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மருந்தின் அளவையும் பேசித்தான் ஆக வேண்டும். 60 வயதுக்கு மேல் மிடாசோலத்தின் முதல் டோஸ் 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அதையும் 2 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகப் போட வேண்டும், மேலும் 2 நிமிடமாவது பொறுத்துத்தான் அடுத்தது என்கிறது மருந்தோடு வரும் குறிப்பு. கூடவே ஃபென்டனில் போன்ற மருந்து போட்டிருந்தால் மிடாசோலத்தைக் குறைந்தது பாதியாகக் குறைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 52 கிலோ எடையுள்ள அந்த அம்மாவுக்குத் தொடக்கத்தில் 0.5 முதல் 0.75 மி.கி. போதும். அவருக்கு 2 மி.கி. போய், ஒரு நிமிடத்தில் இன்னும் 1 மி.கி. போயிருக்கிறது. முதல் டோஸ் வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவதைப் போட்டிருக்கிறீர்கள். முதலாவது அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டையும் சேர்ப்பது ஒன்றும் ஒன்றும் இரண்டு என்கிற கணக்கு இல்லை. ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களை வைத்து 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் மிடாசோலம் தனியாகப் போட்டபோது யாருக்கும் ஆக்சிஜன் குறையவில்லை. ஃபென்டனில் தனியாகப் போட்டபோது 6 பேருக்குக் குறைந்தது, ஒருவருக்கும் மூச்சு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஃபென்டனில், வயதானவர்களுக்கு 25 மைக்ரோகிராம். சில நிமிடம் பொறுத்து அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பிறகு மிடாசோலம், 0.5 மி.கி. வீதம். ஒவ்வொரு டோஸுக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து 3 நிமிடம். 70 வயதுக்கு மேல் மொத்தம் மிடாசோலம் 2.5 மி.கி., ஃபென்டனில் 50 மைக்ரோகிராம் தாண்டாமல் முடிப்பதே நல்ல வழக்கம். டாக்டர் "இன்னொன்று போடுங்கள்" என்றால், "சார், போன டோஸ் போட்டு ஒரு நிமிடம்தான் ஆகிறது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு இல்லை. ஸ்கோப்பில் கண் வைத்திருப்பவருக்கு நேரம் போவது தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு கண்ணி ஆம்ப்யூலில் இருக்கிறது. மிடாசோலம் 5 மி.லி.யில் 5 மி.கி. என்றும் வருகிறது, 1 மி.லி.யில் 5 மி.கி. என்றும் வருகிறது. ஸ்டோரில் இருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால், "ஒரு மி.லி. போடுங்கள்" என்ற வார்த்தை ஐந்து மடங்கு மருந்தாகிவிடும். இங்கிலாந்தில் இதே குழப்பத்தால் நோயாளிகள் பாதிக்கப்பட்டு, அடர்த்தியான ஆம்ப்யூல்களை மயக்க சிகிச்சை, தீவிர சிகிச்சை போன்ற சில இடங்களோடு நிறுத்தச் சொல்லி 2008-ல் தேசிய அளவில் எச்சரிக்கையே விட்டார்கள். உங்கள் ரூமில் 1 மி.லி.க்கு 1 மி.கி. வகை மட்டும் இருக்கட்டும். ஃபென்டனில் 2 மி.லி. ஆம்ப்யூலை 8 மி.லி. சலைனோடு 10 மி.லி. சிரிஞ்சில் எடுத்தால் 1 மி.லி.க்கு 10 மைக்ரோகிராம். லோடு செய்த கையோடு மருந்தின் பெயரையும் மி.லி.க்கு எவ்வளவு என்பதையும் லேபிளில் எழுதி ஒட்டுங்கள். டோஸை மி.லி.யில் பேசாதீர்கள், மி.கி.யில் பேசுங்கள், போடும் முன் திருப்பிச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி: எதைப் பார்ப்பது?

முதலில் உங்கள் உள்ளங்கை. கேப்னோகிராஃப் இல்லாத ரூமில் அதைவிட நம்பகமான கருவி இல்லை. நோயாளியின் மூக்குக்கும் வாய்க்கும் முன்னால் இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்தால் சூடான காற்று படும். 30 விநாடி எண்ணி இரட்டியுங்கள். நிமிடத்துக்கு 10-க்குக் கீழே என்றால் மருந்து போதும் என்று பொருள். 8-க்குக் கீழே என்றால் எழுப்ப வேண்டும். நெஞ்சும் வயிறும் அசைவதை மட்டும் நம்பாதீர்கள். நாக்கு பின்னால் விழுந்து தொண்டை அடைத்துக்கொண்டாலும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். காற்று மட்டும் போகாது. கொலனோஸ்கோப்பியில் வயிறு ஸ்கோப்பாலும் அசையும், அழுத்துகிற கையாலும் அசையும். மானிட்டரில் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர் வழியாகக் காட்டும் மூச்சு எண்ணிக்கையும் இதே அசைவைத்தான் எண்ணுகிறது. காற்று போகாத முயற்சியையும் 16 என்று காட்டும்.

குறட்டை கேட்டால் நல்ல தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பாதி அடைப்பின் சத்தம் அது. குறட்டை நின்று அமைதியானால் உடனே கையை வைத்துப் பாருங்கள். தெளிவாக மூச்சு விடுகிறாரா, முழுவதும் அடைத்துவிட்டதா என்பதைக் காது சொல்லாது.

அடுத்தது, கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பது. மயக்கத்தின் ஆழத்தைச் சொல்ல எம்.ஓ.ஏ.ஏ.எஸ். அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாதாரணக் குரலில் பெயர் சொன்னதும் சுறுசுறுப்பாகப் பதில் வந்தால் 5. மந்தமாக வந்தால் 4. சத்தமாகவோ பலமுறையோ கூப்பிட்டால்தான் பதில் என்றால் 3. லேசாக உலுக்கினால்தான் என்றால் 2. தோள் தசையை அழுத்திக் கிள்ளினால்தான் என்றால் 1. அதற்கும் அசைவில்லை என்றால் 0. மிடாசோலம், ஃபென்டனில் வைத்துச் செய்யும் கொலனோஸ்கோப்பிக்கு 4-ம் 3-ம் தான் நமக்கு வேண்டிய இடம். 2-க்கு இறங்கினால் அடுத்த டோஸ் கிடையாது. "அம்மா, கண்ணைத் திறங்க, ஒரு மூச்சு நல்லா இழுத்து விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். ஒரே வாக்கியத்தில் நினைவும் மூச்சும் தெரிந்துவிடும். முனகலையும் கையை உதறுவதையும் பதில் என்று எழுதாதீர்கள். சொன்னதைச் செய்தால்தான் பதில்.

நேரம் கேட்டீர்கள். ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் முதல் 5 நிமிடம், நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சும் பதிலும். மற்ற நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர், நாடி, சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை, மயக்க அளவு என்று ஐந்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். சாச்சுரேஷனும் நாடியும் இடைவிடாமல் ஓட வேண்டும். மானிட்டரின் பீப் சத்தத்தை யாரும் அணைக்கக் கூடாது. சாச்சுரேஷன் குறையக் குறைய அந்த பீப் கனத்து இறங்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு வேலை செய்தாலும் காதில் விழும். அலாரம் எல்லை பல மானிட்டர்களில் 85 அல்லது 90 என்று இருக்கும். 93-க்கு மாற்றுங்கள். மானிட்டரை அணைத்துப் போட்டால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும் ரகங்கள் உண்டு, ஆகவே காலையில் முதல் கேஸுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரோப், கஃப், லைன் மூன்றையும் எங்கே மாட்டுவது என்பதிலும் தவறு நடக்கிறது. பிரஷர் கஃப் இருக்கும் கையில் ப்ரோப் மாட்டினால் கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் எண் காணாமல் போகும். பொய் அலாரம் கேட்டுக் கேட்டு நிஜ அலாரத்தையும் காது விட்டுவிடும். ஐ.வி. லைனும் அதே கையில் என்றால் போட்ட மருந்து கஃபுக்குக் கீழே தேங்கி நின்று, தளர்ந்ததும் மொத்தமாகப் போகும். இடது பக்கம் சாய்ந்து படுப்பவருக்கு லைனையும் ப்ரோப்பையும் வலது கையில் வையுங்கள். கஃப் இடது கையில், கையை உடம்புக்கு அடியில் சிக்காமல் முன்னால் இழுத்துவிட்டு. மேலே இருக்கும் வலது கையில் கஃப் கட்டினால் அது இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் 10 செ.மீ.க்கு சுமார் 7 மி.மீ. பிரஷர் குறைத்துக் காட்டும். எந்தக் கை என்றாலும், சாய்ந்து படுத்த பிறகு, மருந்துக்கு முன்னால் ஒரு பிரஷர் எடுத்து எழுதுங்கள். பிறகு வரும் எண்களை ஒப்பிட அதுதான் அளவு.

அடர்த்தியான நகப்பூச்சும் கறுப்பு மருதாணியும் ப்ரோப்பின் ஒளியைத் தடுக்கலாம். வேறு விரல் அல்லது காதுமடல் ப்ரோப் போடுங்கள். எண்ணை நம்பும் முன் அதன் கீழே ஓடும் அலையைப் பாருங்கள். அலை ஒழுங்காக இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. நம் ஊர்க் கறுப்பு நிறத்தோலில் ஆக்சிமீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டக்கூடும் என்பதும் தெரிந்த விஷயம். 92 என்றால் உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுபவர்களின் உதட்டில் நீலம் தெரியாது, அதையும் நம்ப முடியாது. ஸ்கோப் திரை தெளிவாகத் தெரிய ரூம் லைட்டை அணைத்துவிடுவார்கள். தலைமாட்டில் ஒரு சிறிய விளக்கு எரிய வேண்டும் என்று கேளுங்கள். நோயாளியின் முகம் இருட்டில் இருந்தால் நான் மேலே எழுதிய எதையும் செய்ய முடியாது.

நெளிவது, கையை வீசுவது, எழுந்திருக்கப் பார்ப்பது எல்லாம் வலி என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதர் அப்படித்தான் திமிறுவார். அப்போது இன்னொரு மி.கி. மிடாசோலம் போட்டால் இருக்கிற மூச்சும் போகும். முதலில் சாச்சுரேஷன், பிறகு உள்ளங்கை, பிறகு டாக்டரிடம் "சார், லூப் (ஸ்கோப் வளையம்) இருக்கா பாருங்க". ஸ்கோப்பைக் கொஞ்சம் இழுத்து நிமிர்த்தினாலே பல நேரம் வலி போய்விடும். மருந்து கடைசி.

கேப்னோகிராஃப் பற்றி. மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை மூக்குக் குழாயில் இருக்கும் தனித் துளை வழியாக உறிஞ்சி, ஒவ்வொரு மூச்சையும் ஒரு மேடாகத் திரையில் வரையும். மூச்சு நின்றாலும், தொண்டை அடைத்தாலும், சில விநாடிகளில் கோடு தட்டையாகிவிடும்; சாச்சுரேஷன் விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிதமான மயக்கத்துக்கும் இது வேண்டும் என்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 ஜூலை முதல் தன் விதியில் சேர்த்தது. ப்ரோபோஃபால் கொடுத்துச் செய்த கொலனோஸ்கோப்பிகளில், ஜெர்மனியில் 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆக்சிஜன் குறைந்தவர்கள் 32 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தார்கள். மிடாசோலம், ஃபென்டனில் மட்டும் கொடுத்த ஆரோக்கியமான நோயாளிகளிடம் இவ்வளவு பலன் காணப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே நிர்வாகம் ஒரே ஒரு கருவிதான் வாங்கித் தரும் என்றால், வயதானவர்கள், குறட்டை விடுபவர்கள், பருமனானவர்களுக்கு முதலில் மாட்டுங்கள். வாய்வழியாக மூச்சு விடுபவருக்கும், ஆக்சிஜன் வேகமாக ஓடும்போதும் அதன் எண் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். எண்ணைவிட மேட்டின் வடிவத்தையும் இடைவெளியையும் பாருங்கள். குழாயில் நீர்த்துளி அடைத்தாலும் கோடு தட்டையாகும். ஆனால் அதைச் சோதிப்பதற்கு முன் உள்ளங்கையை வையுங்கள்.

ஆனால் கருவியைவிட ஆளைத்தான் முதலில் கேட்பேன். மிதமான மயக்கத்தில் நோயாளியைக் கவனிப்பவர், நிலை சீரான பிறகு, உடனே விட்டுவிடக்கூடிய சின்ன வேலைகளை மட்டும் செய்யலாம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. ஆழ்ந்த மயக்கத்தில் அதுவும் கூடாது. ஒரு பாட்டில் எடுத்துக் கொடுப்பது விடக்கூடிய வேலை. பாலிப்பைச் சுற்றி இறுக்கிய ஸ்நேரை (அதை அறுக்கும் கம்பி வளையத்தை) பிடித்திருப்பதோ, வயிற்றை அழுத்திப் பிடித்திருப்பதோ விடக்கூடிய வேலை இல்லை. போன வாரம் நீங்கள் ஒருவர் மூன்று பேர் வேலையைச் செய்தீர்கள். ஃபோர்செப்ஸ் கொடுக்கவும் வயிறு பிடிக்கவும் இன்னொருவர் வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கேளுங்கள், அந்த கேஸ் ஷீட்டை இணைத்து. இதில் நீங்கள் தயங்கக் கூடாது.

மயக்கம் போடுவதற்கு முன்னால் நீங்களே கேட்க வேண்டியவை சில. இரவில் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவாரா? இதை நோயாளியிடம் கேட்டால் இல்லை என்பார். கூட வந்தவரிடம் கேளுங்கள். அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற தூக்க மாத்திரை, தினசரி மது உண்டா? கட்டுப்பல் இருக்கிறதா? பாக்கு, புகையிலை போடுபவர் என்றால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று விரல் நுழையாவிட்டால் அனஸ்தீசியா டாக்டருக்குத் தெரியாமல் மருந்து தொடக்கூடாது, ஆபத்தில் வாய்வழியாக ஒன்றும் செய்ய முடியாது. கடைசியாக என்ன குடித்தார், எத்தனை மணிக்கு? தெளிவான நீர், இளநீர், பால் சேர்க்காத டீ என்றால் 2 மணி நேரம். பால் காபியும் மோரும் அந்தக் கணக்கில் வராது, 6 மணி நேரம். குடல் சுத்தம் செய்யும் மருந்தின் கடைசி டம்ளருக்கும் இதே 2 மணி நேர இடைவெளி வேண்டும். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். பட்டினியில் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. தேதி குறிக்கும் நாளிலேயே டாக்டர் இதைச் சொல்லிவிட்டாரா என்று பாருங்கள்.

இரவெல்லாம் பத்துப் பதினைந்து முறை கழிவறைக்குப் போய் வந்தவர் உடம்பில் நீர் குறைந்திருக்கும். பிரஷருக்கான டெல்மிசார்டன் மாத்திரையும் போட்டிருந்தால் மருந்து ஏறியதும் பிரஷர் சரியும். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்கு 250 முதல் 500 மி.லி. ரிங்கர் லாக்டேட் ஓடவிட்டு ஆரம்பிப்பது நல்லது, டாக்டரிடம் கேட்டு.

நாடி சரிவது வேறு கதை. ஸ்கோப் சிக்மாய்டில் வளையமிட்டுக் குடலின் தாங்குசவ்வை இழுக்கும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு 80-ல் இருந்த நாடி 40-க்கு வந்துவிடும், வியர்த்துக் கொட்டும், பிரஷரும் இறங்கும். முதல் மருந்து ஸ்கோப்பை நிறுத்துவதுதான். "சார், ரேட் 42" என்று எண்ணைச் சொல்லுங்கள். இழுத்து நிமிர்த்தி, உள்ளே அடைத்த காற்றை உறிஞ்சினால் பெரும்பாலும் நாடி தானே ஏறும். ஏறாவிட்டால் அட்ரோபின் 0.6 மி.கி., முழு ஆம்ப்யூலும். பாதி பாதியாகப் போடாதீர்கள், மிகக் குறைந்த டோஸ் நாடியை இன்னும் மெதுவாக்கக்கூடும். ஆனால் மூச்சு நின்று ஆக்சிஜன் போனதாலும் நாடி 40-க்கு வரும். அப்போது அட்ரோபின் உதவாது, மூச்சுதான் வேண்டும். ஆகவே அட்ரோபினைத் தொடும் முன் ஒரு கை மூக்கின் முன்னால்.

சாச்சுரேஷன் இறங்கும்போது நீங்கள் போன வாரம் செய்தது சரி. அதை ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன். தோளை உலுக்கி "மூச்சு இழுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். டாக்டரிடம் நிறுத்தி, காற்றை உறிஞ்சச் சொல்லுங்கள். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இரு காதுக்கும் கீழே தாடை எலும்பின் மூலையில் விரல்களைக் கொடுத்து முன்னால் தள்ளுங்கள். இடது பக்கம் படுத்தபடியே செய்யலாம். பெரும்பாலான கேஸ் இதிலேயே திரும்பிவிடும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் நாக்கு. அரை நினைவில் இருப்பவருக்கு வாய் ஏர்வே (மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் குழாய்) போட்டால் குமட்டி வாந்தி எடுப்பார், மூக்கு ஏர்வேயைத் தாங்குவார். அப்படியும் மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, ஆம்பு பேக்கில் ஆக்சிஜன் 10 முதல் 15 லிட்டர், 6 விநாடிக்கு ஒன்று, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும். பையைப் பிழிந்து பிழிந்து அடித்தால் காற்று வயிற்றில் போய் வாந்தி வரும். அனஸ்தீசியா டாக்டரைக் கூப்பிடுவது இதற்குள் நடந்திருக்க வேண்டும். நல்ல மூச்சு கொடுக்க ஆரம்பித்த பிறகும் விரல் எண் 15, 20 விநாடி இறங்கிக்கொண்டே போகும். பதற வேண்டாம், அதுவும் பழைய செய்திதான்.

மூச்சு கொடுத்துக்கொண்டே மாற்று மருந்து. ஃபென்டனிலுக்கு நாலாக்ஸோன், மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில். நாலாக்ஸோன் 0.4 மி.கி. ஆம்ப்யூலை 3 மி.லி. சலைனோடு 4 மி.லி. ஆக்கினால் 1 மி.லி.க்கு 0.1 மி.கி. 2, 3 நிமிடத்துக்கு ஒரு மி.லி. ஃப்ளூமாசெனில் 1 மி.லி.க்கு 0.1 மி.கி. என்று வரும், 2 மி.லி.யை 15 விநாடியில் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, தேவைப்பட்டால் இன்னொரு 2 மி.லி., மொத்தம் 1 மி.கி. வரை. இரண்டும் பூட்டிய அலமாரியில் இல்லாமல் கை எட்டும் டிரேயில் இருக்க வேண்டும். சக்‌ஷனும் ஆம்பு பேக்கும் வேலை செய்கின்றனவா என்பதை ஒவ்வொரு கேஸுக்கும் முன் கையால் சோதியுங்கள். சிலிண்டரின் மீட்டரில் எவ்வளவு மிச்சம் என்பதையும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. யாராவது அந்தப் பால் வெள்ளை மருந்தை, ப்ரோபோஃபாலை, உங்கள் கையில் கொடுத்துப் போடச் சொன்னால் அனஸ்தீசியா டாக்டர் பக்கத்தில் இல்லாமல் போடாதீர்கள். 30, 40 விநாடியில் ஆளை ஆழ்ந்த மயக்கத்துக்கு இறக்கும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இதே மருந்தால்தான். வீட்டில், வேண்டிய மானிட்டர்கள் இல்லாமல், இடைவிடாமல் கவனிக்க ஆள் இல்லாமல்.

கடைசியாக டெக்னீஷியனின் யோசனை. எல்லோருக்கும் ஃப்ளூமாசெனில் வேண்டாம். அது மிடாசோலத்தை மட்டும்தான் தடுக்கும். ஃபென்டனிலால் குறைந்த மூச்சு அப்படியே இருக்கும். அதன் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மிடாசோலம் அதைவிட நேரம் உடம்பில் இருக்கும். கண் விழித்துப் பேசியவரை ரெகவரியில் இருந்து அனுப்பிவிட்டால் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ மறுபடி மயங்குவார். நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு வலிப்பே வரலாம். போன வாரம் வந்த அம்மா மாதிரி மூச்சு நின்று, அதைப் போட வேண்டி வந்தவர்களை 2 மணி நேரம் ப்ரோப் மாட்டியபடி ரெகவரியில் வையுங்கள். மற்றவர்களுக்குக் குறைந்தது அரை மணி. நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில், அட்டெண்டர் பார்த்துக்கொள்வார் என்று விட வேண்டாம். ஸ்கோப் வெளியே வந்து தொந்தரவு எல்லாம் நின்ற பிறகு மூச்சு மறுபடி குறையும். அசைவு, மூச்சு, பிரஷர், நினைவு, சாச்சுரேஷன் ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண் தரும் ஆல்ட்ரெட் கணக்கில் 9 வந்தால் அனுப்பலாம். அந்த சாச்சுரேஷனை ஆக்சிஜனைக் கழற்றி 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். வயிறு கல்லாக இறுகி வலிக்கிறது என்றால் 10 வந்தாலும் அனுப்பாதீர்கள், டாக்டர் வந்து பார்க்கட்டும். குடலில் ஓட்டை விழுந்ததை மயக்க மருந்து மறைத்திருக்கலாம். கூட ஒரு பெரியவர் இல்லாமல் அனுப்பக் கூடாது. 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை அந்தத் துணைக்கு வருபவரிடம் சொல்லி, சீட்டில் எழுதியும் கொடுங்கள். நோயாளி தலையாட்டுவார், ஆனால் மிடாசோலம் ஏறியவருக்கு நீங்கள் சொன்னது மாலையில் ஞாபகம் இருக்காது.